ஒரே கண், இரண்டு அளவு

வலது கண்ணில் வைத்த லென்ஸை எடுத்துவிட்டு அதைவிடச் சின்னதாக ஒன்று வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது கோச்சுக்கு முதலில் வந்தது பயம். கோபம் மெதுவாகத்தான் வந்தது. மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும்போது கால் விரலில் தொடங்கி, வீடு போய்ச் சேர்வதற்குள் தலைக்கு ஏறியிருந்தது.

கோச் என்பது அவள் வேலை. பெயராகவும் அதுவே நிலைத்துவிட்டது. பொது நீச்சல் குளம் ஒன்றில் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தாள். பிள்ளைகள் கோச் என்றார்கள், அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும் கோச் என்றார்கள், கடைசியில் கட்டிய கணவனும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருந்த பெயர் வேறு: சோடாபுட்டி. மைனஸ் பதினைந்து. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்பது அது வாய் திறந்து பேசினால்தான் தெரியும்.

அப்படிப்பட்டவள் போயும் போயும் ஏன் தண்ணீரைப் பிடித்தாள் என்று கேட்டால், தண்ணீருக்குள் எல்லாருக்கும்தான் மங்கல், அங்கே மட்டும்தான் நான் மற்றவர்களுக்குச் சமம் என்பாள். தான் நீந்தியவரை அது சரியாக இருந்தது. பிறருக்குக் கற்றுக்கொடுக்க வந்த பிறகு சரிப்படவில்லை. பவர் வைத்த நீச்சல் கண்ணாடி அவள் பார்வைக்குப் பாதிதான் ஈடுகொடுத்தது. காண்டாக்ட் லென்ஸைப் போட்டுக்கொண்டு குளத்தில் இறங்கினால் கண்ணில் புண் வரும் என்று எச்சரித்திருந்தார்கள். ஒரு நாள் குளத்தின் ஆழமான மூலையில் ஒரு சிறுமி மூழ்கத் தொடங்கினாள். மூழ்குகிறவர்கள் கத்துவதில்லை, சத்தமே இல்லாமல் போவார்கள். கோச் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தும் தெரியவில்லை. கரையில் நின்ற உயிர்காப்பாளர் குதித்துத் தூக்கினார். சிறுமி இருமி, வாந்தியெடுத்து, அழுது, மறுநாளே ஒன்றும் நடக்காததுபோல் வந்துவிட்டாள். கோச்சுக்குத்தான் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அவள் பவருக்கு லேசர் ஒத்துவராது என்றார்கள். கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸை வைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். அந்தப் பேர் பொய்யில்லை. இரண்டு கண்ணும் வலியே தெரியாமல் முடிந்தன. மறுநாள் விழித்தபோது சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் நகர்வது படுக்கையிலிருந்தே தெரிந்தது. மறுபடி குளத்தில் இறங்கலாம் என்று அனுமதி கிடைத்த அன்று, அடித்தளத்து ஓடுகளுக்கு நடுவே ஓடும் வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே மூச்சு முட்டும்வரை தண்ணீருக்குள் கிடந்தாள். டாக்டரம்மாவைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. ஆகவே, பின்னால் அவர்மேல் அவளுக்கு வந்த கோபம் வேண்டாதவர்மேல் வந்த கோபம் அல்ல.

இந்த மாதிரி லென்ஸ் வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு விஷயத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். நம் கண்ணில் பிறவியிலேயே ஒரு லென்ஸ் இருக்கிறது. புதிய லென்ஸை அதற்கு முன்னால், மேலே படாமல் உட்கார வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே தலைமுடி பருமனுக்குச் சில மடங்கு இடைவெளி இருக்கும். அது ரொம்பக் குறைந்தால் புது லென்ஸ் பழையதை உரசி, கண்புரை விழும். ரொம்பக் கூடினால் கண்ணுக்குள் ஓடும் நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறி, நரம்பு கெடும். ஆகவே இடைவெளியை ஸ்கேன் எடுத்து அளக்கிறார்கள். இயந்திரம் படம் பிடிக்கும். அந்தப் படத்தில் எங்கிருந்து எங்கே அளப்பது என்று இரண்டு புள்ளி வைப்பது ஸ்கேன் அறையில் இருக்கும் ஆள்.

அந்த மருத்துவமனையில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் பேர் வைத்தது கோச்சின் நாத்தனார். கணவனுக்குப் பகல் முழுவதும் பட்டறையில் வேலை என்பதால் மருத்துவமனைக்கு அவள்தான் கூட வருவாள். கூரியர் அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்து பலவிதமான ஆட்களைப் பார்த்தவள்; யாரைப் பார்த்தாலும் ஒரு பட்டம் கட்டாமல் விடமாட்டாள். ஸ்கேன் அறையில் இருந்த நடுவயதுக்காரர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, திரையில் மூக்கு முட்டும்படி குனிந்து, ஒரு புள்ளி வைக்க ஒரு யுகம் எடுத்துக்கொள்வார். அவருக்குக் கோந்து என்று பேர். இன்னொருத்தி வேறு மருத்துவமனையிலிருந்து மாறி வந்தவள். கதவுகூடச் சாத்தமாட்டாள், தாடையை வைங்க, கண்ணை விரிங்க, அவ்வளவுதான் என்று அனுப்பிவிடுவாள். அவள் மின்னல்.

முதல் பரிசோதனையில் மின்னல் எடுத்தாள். எழுநூற்றுச் சொச்சம் மைக்ரான், அருமையாக உட்கார்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. அடுத்த முறை கோந்து எடுத்தார். ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. டாக்டரம்மாவின் முகம் மாறியது. கண்ணின் அழுத்தம் இப்போதைக்குச் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இடைவெளி இவ்வளவு இருந்தால் காத்திருக்கக் கூடாது, சின்ன அளவு லென்ஸ் வரவழைத்து மாற்றிவிடலாம் என்றார்.

போன தடவை நன்றாக இருந்தது இந்தத் தடவை எப்படிக் கூடியது என்று கோச் கேட்டாள். சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும், இயந்திரம் பொய் சொல்லாது என்று பதில் வந்தது. அவர் சொன்ன தோரணையில் அடுத்த கேள்விக்கு இடமே இல்லை. கோச் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் அன்று சாயங்காலம் நாத்தனார்தான் அதைக் கிளறினாள். முதல் தடவை எடுத்தது மின்னல், இந்தத் தடவை கோந்து, ஆள் மாறினதும் அளவும் மாறிவிட்டதே, அதை யாராவது பார்த்தார்களா என்றாள். கோச் கையில் இருந்த தட்டை அப்படியே கீழே வைத்தாள்.

நீச்சல் போட்டிகளில் அவள் எத்தனையோ தடவை நேரம் குறித்திருக்கிறாள். ஒரே பாதையில் வரும் ஒரே பிள்ளைக்கு மூன்று பேர் மூன்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள். மூன்று கடிகாரமும் ஒன்றுபோல் நின்றதாக அவளுக்கு நினைவே இல்லை. ஒருத்தர் கை சுவரைத் தொடும்போது அழுத்துவார், ஒருத்தர் தலை தெரிந்ததுமே அழுத்திவிடுவார். அது தெரிந்ததால்தான் மூன்று பேர். ஒரு கடிகாரத்தை நம்பி யாரும் யாருடைய பதக்கத்தையும் பிடுங்குவதில்லை. இங்கே ஒருத்தர் வைத்த புள்ளியை நம்பித் தன் கண்ணை மறுபடி கிழிக்கப் போகிறார்கள்.

மறுநாள் காலையில் இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். மின்னலைக் கொண்டு இன்னொரு தரம் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கோச் கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் டாக்டர் சொல்லாமல் முடியாது என்றார். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் முன்பதிவு வேண்டும் என்றார். முன்பதிவு அடுத்த வாரம்தான் கிடைக்கும். அறுவைக்குக் குறித்த நாள் அதற்கும் முன்னால் வருகிறதே என்று கேட்டதற்கு, அதெல்லாம் வேறு பிரிவு என்றார். நாத்தனார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோச்சை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். டாக்டரம்மா எப்படியும் இந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும் என்பது அவள் கணக்கு.

பக்கத்து இருக்கையில் ஓர் இளம் தம்பதி. அவன் அகன்ற தோளும் ஒட்ட வெட்டிய முடியுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஆனால் ஜன்னல் வெளிச்சம் பட்டபோதெல்லாம் இடது கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டான். பேசியது மனைவிதான். நாத்தனார் ஒரு வார்த்தை கேட்டதற்கு அவள் ஒரு கதையே சொன்னாள்.

அவனுக்குத் தீயணைப்பு வேலையில் சேர வேண்டும் என்று சிறு பிள்ளையிலிருந்து ஆசை. உடம்பு இருந்தது, கண் இல்லை. சொந்தக்காரர்களிடம் கைநீட்டி, கண்ணுக்குள் லென்ஸ் வைத்துக்கொண்டான். எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறினான். அதற்குள் ஒரு பரிசோதனையில் இடது கண்ணில் இடைவெளி அதிகம் என்று சொல்லி, லென்ஸை எடுத்துச் சின்னதாக வைத்தார்கள். அதற்குப் பிந்திய பரிசோதனையில் இடைவெளி இருக்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு குறைவு என்றார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது. கடைசிச் சுற்றான கண் பரிசோதனையில் அவனைத் தள்ளிவிட்டார்கள்.

கோச் அவன் பக்கம் திரும்பினாள். “அதிகம்னு அளந்தது யாரு தம்பி?”

அவன் யோசித்தான். “லைட்டை எல்லாம் அணைச்சுட்டு எடுப்பாரே, அவர்.”

“அப்புறம் குறைவுன்னு சொன்னது?”

“அந்தப் பொண்ணு. சீக்கிரம் எடுக்கறவங்க.”

நாத்தனாரும் கோச்சும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கண்ணுக்கு வெண்ணெய் ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்கள், இங்கே ஒரே கண்ணுக்கு இரண்டையும் தடவுகிறார்களே என்று நாத்தனார் முணுமுணுத்தாள். கோச்சுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்தாள். ஒரு நோயாளி வெளியே வருவதற்காகத் திறந்த கதவு மூடுவதற்குள் டாக்டரம்மாவின் அறைக்குள் இருந்தாள்.

உதவியாளர் தடுக்கப் பார்த்தார். கோச் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்: முதல் தடவை அளந்தவரும் இரண்டாம் தடவை அளந்தவரும் வேறு வேறு ஆள், இருவரும் ஒரே கண்ணை ஒரே நேரத்தில் அளந்தால் ஒரே எண் வருமா? அதை என்றைக்காவது பார்த்திருக்கிறார்களா? போட்டியில் மூன்று கடிகாரம் வைப்பதையும் சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். “இது நீச்சல் போட்டி இல்லம்மா.”

“போட்டியில தோத்தவ அடுத்த மாசம் மறுபடி நீந்துவா டாக்டர். கண்ணைக் கிழிச்சா மறுபடி எங்க போறது?”

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது முகத்தில் தெரிந்தது. இருபது வருஷத் தொழிலில் அவரை யாரும் நின்றுகொண்டு கேள்வி கேட்டதில்லை. உங்கள் சந்தேகத்தை இப்போதே தீர்த்துவிடுகிறேன் என்று எழுந்தார். இவளுக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்றுதான் எழுந்தார். அதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

ஸ்கேன் அறையில் கோந்தையும் மின்னலையும் வரச் சொன்னார். ஒருவர் எடுக்கும்போது மற்றவர் வெளியே நிற்க வேண்டும். எப்போதும் எடுப்பதுபோலவே எடுக்க வேண்டும். கோச் தாடையை அந்தக் குளிர்ந்த தாங்கியில் வைத்தாள். மின்னல் இமைக்கும் நேரத்தில் முடித்தாள்: எழுநூற்று இருபது. பிறகு கோந்து விளக்கை அணைத்தார், கதவைச் சாத்தினார், பெருமூச்சு விட்டார், புள்ளி வைத்தார்: ஆயிரத்து முப்பது.

டாக்டரம்மா எண்ணைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார். நகருங்கள் என்று சொல்லித் தானே உட்கார்ந்து எடுத்தார். எண்ணூற்று எண்பது.

“ஆக மொத்தம் மூணு கண்ணா அண்ணி உங்களுக்கு?” என்று வாசலிலிருந்து நாத்தனார் கேட்டாள். யாரும் அவளை அதட்டவில்லை.

அதற்குப் பிறகு டாக்டரம்மா செய்ததை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவர் மழுப்பவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினார். வெளிச்சத்தில் கண்ணின் பாவை சுருங்கும்போது உள்ளே வைத்த லென்ஸ் கொஞ்சம் பின்னால் அமுங்குகிறது. இருட்டில் முன்னால் வருகிறது. அது அவருக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் தன்னிடம் வரும் எண் எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று அவர் கேட்டதே இல்லை. அடுத்தது இன்னும் மோசம். மின்னல் புள்ளி வைத்திருந்தது புது லென்ஸின் கீழ் விளிம்பில். கோந்து வைத்திருந்தது மேல் விளிம்பில். லென்ஸின் கனத்தையும் இடைவெளியோடு சேர்த்து அளந்திருந்தார்.

எவ்வளவு நாளாக இப்படி வைக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். கோந்து வெளிறிப்போனார். இயந்திரம் வந்த அன்று கம்பெனி ஆள் ஒரு மணி நேரம் காட்டிவிட்டுப் போனார், அதிலிருந்து இப்படித்தான், யாரும் தப்பு என்று சொல்லவில்லையே என்றார். நான் வந்த புதிதிலேயே எண் ஒத்துப்போகவில்லை என்று நினைத்தேன், பெரியவர் செய்கிறாரே என்று வாயைத் திறக்கவில்லை என்றாள் மின்னல். கதவைத் திறந்துவைத்து எடுக்கிறவள் என்னைச் சொல்ல வந்துவிட்டாளா என்றார் அவர். இருவருக்கும் வாக்குவாதம் முற்றியது.

கோச் குறுக்கே புகுந்தாள். “எய்தவர் இருக்க அம்பை நோகறதுல அர்த்தமில்ல. இவங்க ரெண்டு பேரும் ஒரே அறையில உக்காந்து வேலை பாக்கறாங்க டாக்டர். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ரெண்டு பேரையும் ஒரே கண்ணை அளந்து காட்டுங்கன்னு நீங்க கேக்கலையா?”

டாக்டரம்மா மறுபடி இருவரையும் எடுக்கச் சொன்னார், தானும் எடுத்தார்; இந்தத் தடவை ஒரே வெளிச்சம், ஒரே விளிம்பு, பாவையின் மையம். மூன்று பேருடைய எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. எண்ணூற்றுக்குப் பக்கம். கொஞ்சம் தாராளம்தான், ஆனால் அழுத்தம் சரியாக இருக்கும்வரை தொட வேண்டியதில்லை, அடிக்கடி வந்து காட்டினால் போதும் என்றார். அறுவை ரத்து.

பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாத்தனார்கூடக் கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டாள். கோச் மட்டும் நகரவில்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் பையனின் பழைய படம் இந்த இயந்திரத்தில் இருக்கும் அல்லவா, அதையும் பாருங்கள் என்றாள்.

அதற்குள் விஷயம் மாடிக்குப் போயிருந்தது. கழுத்தில் அட்டை தொங்க நிர்வாகி இறங்கி வந்தார். ஒரு நோயாளியின் விவரத்தை இன்னொருவர் முன்னால் பார்க்கக் கூடாது, அது அந்தரங்கம் என்று இனிமையாகச் சொன்னார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அவ்வளவு நாள் இல்லாத அக்கறை அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் கோச்சுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் தீயணைப்பு வேலைக்கு ஆசைப்பட்ட அந்தப் பையன் உள்ளே வந்து நின்றான்.

“என் படம்தானே சார். நான் சொல்றேன், பாக்கட்டும். எனக்குத் தெரியணும்.”

டாக்டரம்மா நிர்வாகியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தில் அவன் பதிவு எண்ணைத் தட்டினார். லென்ஸை மாற்றுவதற்கு முன் எடுத்த படம் திரையில் வந்தது. புள்ளி மேல் விளிம்பில் இருந்தது. அன்று அது ஆயிரத்தைத் தொட்டிருந்தது. அவர் தன் கையாலேயே புள்ளியை நகர்த்திக் கீழ் விளிம்பில் வைத்தார். எண்ணூற்றுச் சொச்சம். அதுவும் இருட்டில் எடுத்த படம்; வெளிச்சத்தில் இன்னும் குறைந்திருக்கும்.

அவன் திரைக்குக் கிட்டே போய் எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“அப்ப, அதை எடுத்திருக்கவே வேண்டியதில்லையா?”

“அந்த எண்ணை வெச்சுத்தான் முடிவு பண்ணினேன்” என்றார் டாக்டரம்மா. குரல் எங்கோ தூரத்தில் இருந்தது.

அவன் மனைவி அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் அழவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து காட்டுகிறீர்களா என்று மட்டும் கேட்டாள். பிறகு கணவனின் முழங்கையைப் பிடித்து, வெளிச்சம் படாத பக்கமாக அவனை அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது அவன் வாசற்படியின் உயரத்தைக் காலால் துழாவிப் பார்த்ததைக் கோச் பார்த்தாள். ஏணி ஏற வேண்டியவன்.

அடுத்த நாட்களில் மருத்துவமனை நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. புரை அறுவையை இலவசமாகச் செய்து தருகிறோம், வெளியே எதுவும் பேசாமல் இருந்தால் போதும் என்று அவன் வீட்டுக்கே ஆள் அனுப்பினார்கள். கெடுத்த கையாலேயே மறுபடி வைத்தியமா என்று மனைவி வாசலோடு அனுப்பிவிட்டாள். கோச்சுக்கும் போன் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் குரல் படித்தது. கருத்தா, என் கருத்தையா நான் சொன்னேன், உங்கள் இயந்திரம் சொன்னதைத்தானே சொன்னேன் என்று கோச் கேட்டாள். அந்தக் குரல் மறுபடி முதலிலிருந்து படித்தது.

தம்பதி மருத்துவப் புகார்களை விசாரிக்கும் குழுவிடம் போனார்கள். கோச் சாட்சியாகப் போனாள். கணவன் எதற்கு வம்பு, உன் கண்தான் தப்பித்துவிட்டதே என்றான். அதனால்தான் போகிறேன் என்றாள். நாத்தனார் அண்ணனிடம் சண்டை போட்டு, அன்று கவுண்டருக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தாள்.

விசாரணை அறை சின்னது. மின்விசிறி ஒன்று தலைக்கு மேல் தட்டிக்கொண்டே இருந்தது. மருத்துவமனையின் வக்கீல் நிதானமாகப் பேசினார். மனிதர்கள் எடுக்கும் எந்த அளவிலும் இயல்பான வேறுபாடு இருக்கும், உலகம் முழுவதும் அப்படித்தான், இதில் அலட்சியம் எங்கே வந்தது என்றார். ‘இயல்பான’ என்ற சொல்லை அவர் நாலைந்து தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் கோச்சுக்குக் காதில் யாரோ ஊசி குத்துவதுபோல் இருந்தது. அவள் முறை வந்தபோது எழுந்து நின்றாள்.

“வேறுபாடு இயல்புதான் ஐயா. நான் ஒத்துக்கறேன். எங்க குளத்துலயும் உண்டு. எவ்வளவு வேறுபாடுன்னு தெரிஞ்சுக்காமலே கத்தியை எடுக்கறதும் இயல்பா?”

வக்கீல் ஏதோ எழுதிக்கொண்டார். அதன் பிறகு டாக்டரம்மாவை அழைத்தார்கள். அவரும் வக்கீல் சொன்னதையே சொல்வார் என்றுதான் கோச் நினைத்தாள். நிர்வாகி அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். இது இயல்பான வேறுபாடு அல்ல, இருவருக்கும் ஒரே முறையை நாங்கள் வகுத்துக் கொடுக்கவில்லை, ஒத்துப்போகிறதா என்று ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை, சரிபார்க்க ஒரு காலைப் பொழுது போதும் என்றார். கோந்தின் மேலோ மின்னலின் மேலோ பழியைப் போடவில்லை. மாற்று அறுவைக்குக் காத்திருந்தவர்களை மறுபடி அளந்ததில் வேறு சிலருக்கும் அது தேவைப்படவில்லை என்றும் சொன்னார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. நிர்வாகி நாற்காலியில் நெளிந்தார்.

தீர்ப்பு அந்தப் பையன் பக்கம் வந்தது. அவன் விரும்பும் இடத்தில் புரை அறுவை, செலவு மருத்துவமனையுடையது. இதுவரை லென்ஸ் மாற்றப்பட்ட எல்லாரையும் வரவழைத்து, உண்மையைச் சொல்லி, மறுபடி பரிசோதிக்க வேண்டும். தீயணைப்பு வேலையைப் பற்றி அவன் மனைவி கேட்டாள். அது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்றார் குழுத் தலைவர். அதற்குள் அவன் வயது வரம்பைத் தாண்டிவிட்டிருந்தான்.

வெளியே தாழ்வாரத்தில் டாக்டரம்மா அவனிடம் வந்தார். தனியாக வந்தார், வக்கீல் கூட இல்லை. மன்னித்துக்கொள் என்று சொன்னார்.

“நீங்க உண்மையைச் சொன்னீங்க, அதுக்கு நன்றி டாக்டர். மன்னிக்கறது இப்ப என்னால ஆகாது.”

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். போகும்போது கோச்சை ஒரு கணம் பார்த்தார். கோச்சும் பார்த்தாள். கைராசிக்காரர், நல்லவர்கூட, அந்தக் கையால்தான் இன்றைக்குக் குளத்தின் மூலைவரை தெரிகிறது. அதெல்லாம் தெரிந்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை. ஒரு காலைப் பொழுது போதும் என்றாரே, அந்த ஒரு காலைப் பொழுது அத்தனை வருஷத்தில் கிடைக்கவில்லையா என்று வீடு வரும்வரை நாத்தனாரிடம் பொருமிக்கொண்டே வந்தாள்.

அவனுக்கு வேறு ஊரில் அறுவை நடந்தது. பார்வை திரும்பியது; படிக்க மட்டும் கண்ணாடி. ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. தீயணைப்பான்களுக்குத் தேதி பார்த்து மாற்றும் வேலை. சம்பளம் பரவாயில்லை என்று மனைவி சொன்னாள்.

அடுத்த பரிசோதனைக்குக் கோச் போனபோது ஸ்கேன் அறை மாறியிருந்தது. ஜன்னலில் தடித்த திரை, விளக்குக்கு ஒரே அளவு, ஒவ்வொரு கண்ணையும் இருவர் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று விதி. கோந்தும் மின்னலும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் அளந்தார்கள். எண்கள் மட்டும் பேசிவைத்துக்கொண்டதுபோல் ஒத்துவந்தன. வரிசை நீண்டது. காத்திருந்தவர்களில் வழுக்கைத் தலையர் ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி, ஒரு கண்ணுக்கு இரண்டு பேரா, எவனோ கிளப்பிவிட்ட வேலை, நம்ம நேரம்தான் வீண் என்றார்.

கோச் அவர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். மெதுவாகப் பேசுங்கள் அண்ணி, ஆஸ்பத்திரி இது என்று நாத்தனார் முந்தானையை இழுத்தாள். கோச் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏணி ஏற வேண்டிய ஒருத்தனைப் பற்றி முதலிலிருந்து, அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, சொல்லத் தொடங்கினாள்.